பிரெஞ்சு நேச்சுரல் வைன்: கலங்கலாக இருக்கிறது, மாட்டுக்கொட்டகை வாசம் வருகிறது. கெட்டுப்போனதா, அப்படித்தான் இருக்குமா?

செந்தூல்_கவிதா:

வணக்கம். இங்கே வைன் விவரம் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று பழைய பதிவுகளில் பார்த்தேன். ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபது முடிகிறது, வேலையிலிருந்தும் ஓய்வு. கோலாலம்பூரில், செந்தூல் வீட்டிலேயே விருந்து வைக்கிறோம். மெல்பர்னிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். அவருக்கு வைன் பிடிக்கும். அப்பாவும் நல்ல நாள் என்றால் ஒரு கிளாஸ் குடிப்பார். எப்போதும் வாங்கும் சூப்பர்மார்க்கெட் வைன் வேண்டாம், யாரோ ஒரு குடும்பம் தங்கள் கையால் செய்ததாக இருக்கட்டும் என்று நினைத்து, பிரான்ஸில் பொஜோலே பக்கத்துச் சிவப்பு வைன் இரண்டு போத்தல் வாங்கினேன். ஒன்று 185 வெள்ளி (ரிங்கிட்). எங்களுக்கு அது சின்னக் காசு இல்லை. கடையில் "பயோடைனமிக், நேச்சுரல், கெமிக்கலே கிடையாது" என்றார்கள்.

விருந்துக்கு முன்னால் ருசி பார்த்துவிடலாம் என்று ஒன்றைத் திறந்தோம். ஊற்றும்போதே கலங்கல். நாக்கில் வைத்தால் சுருசுருவென்று லேசாக நுரைக்கிறது. முகர்ந்தால் மாட்டுக்கொட்டகை வாசம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் வேறொரு வாடை ஏறுகிறது. பாண்டான் இலை போட்டு வடித்த சோற்றை மூடி வைத்து மறுநாள் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. கிளாஸில் முகர்ந்தால் அந்த வாடை துளிகூட இல்லை. வீட்டுக்காரருக்கோ ஒன்றுமே தெரியவில்லை; "நல்லாத்தானே இருக்கு" என்று கிளாஸை முடித்துவிட்டார்.

கடைக்குப் போன் போட்டேன். "நேச்சுரல் வைன் அப்படித்தான் இருக்கும், பழகினால் பிடித்துவிடும்" என்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா? மிச்சமிருக்கும் போத்தலை விருந்தில் வைக்கலாமா? பயோடைனமிக் என்றால் என்ன என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

பாங்சார்_ராஜ்:

அந்த விலைக்கு நல்ல ஆஸ்திரேலிய ஷிராஸ் இரண்டு வந்திருக்கும் சிஸ்டர். என்னைக் கேட்டால் நேச்சுரல் வைன் என்பது கெட்டுப்போன வைனுக்கு வைத்த நல்ல பெயர். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலன்_ஜார்ஜ்டவுன்:

ராஜ் அண்ணே, மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். தங்கச்சி நாலு விஷயம் சொல்லியிருக்கிறார், நாலும் ஒன்றல்ல.

நான் பினாங்கில் ஓர் உணவகத்தில் வைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். லியோனில் ஹோட்டல் படிப்பு படித்தபோது, அங்கிருந்து வடக்கே பக்கத்திலேயே இருக்கும் பொஜோலேவுக்குத் திராட்சை அறுவடைக்குப் போனேன். அறுவடை முடிந்த பிறகும் குளிர்காலம் வரை ஒரு சிறு வைன்காரர் வீட்டில் தங்கி வேலை செய்தேன். அவரும் மனைவியும் இரண்டு கூலியாட்களும்தான். அதனால் இந்தக் கேள்வியை லேசாக விட எனக்கு மனம் வரவில்லை.

கலங்கல் குற்றமே இல்லை. வடிகட்டாத வைன் அப்படி இருக்கும். இறந்த ஈஸ்ட்டும் பழத் துகளும்தான் அடியில் வண்டலாக நிற்கும். போத்தலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல் ஊற்றினால் பெரும்பகுதி அடியிலேயே தங்கிவிடும்.

நாக்கில் நுரைப்பதும் பெரும்பாலும் வேண்டுமென்றே விட்டதுதான். நொதிக்கும்போது வந்த கரியமில வாயுவில் கொஞ்சத்தை உள்ளேயே விட்டு வைப்பார்கள். கந்தகம் சேர்க்காத வைனுக்கு அது ஒரு காவல், ஆக்ஸிஜனை நெருங்க விடாது. தண்ணீர் ஜாடியில் ஊற்றி நாலு சுற்றுச் சுற்றினால் போய்விடும். திறந்ததும் சோடா போல் பொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். போத்தலுக்குள் மறுபடி நொதித்திருக்கிறது என்று அர்த்தம்.

மாட்டுக்கொட்டகை வாசத்துக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஒருவகைக் காட்டு ஈஸ்ட். இதில் சண்டை உண்டு. லேசாக இருந்தால் பிடிக்கும் என்பவர்கள் பிரான்ஸிலேயே நிறையப் பேர். பழத்தின் வாசத்தையே மூடிவிட்டால் எனக்கு அது பழுதுதான்.

நாலாவதாகச் சொன்னது, விழுங்கிய பிறகு வரும் அந்த வாடை, சந்தேகமே இல்லாமல் பழுது. பிரெஞ்சுக்காரர்கள் சுண்டெலி ருசி என்பார்கள். சில லாக்டிக் பாக்டீரியாக்களும் அதே பிரெட்டனோமைசிஸும் உண்டாக்குவது. வைனின் புளிப்பில் அந்த வாசப்பொருள் ஆவியாகாது, அதனால்தான் கிளாஸில் முகர்ந்தால் தெரியவில்லை. வாயில் உமிழ்நீர் கலந்து புளிப்பு குறைந்ததும் மேலே கிளம்பும். ஆளுக்கு ஆள் உமிழ்நீர் வேறுபடுவதால் சிலருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை.

பாண்டான் என்று சொன்னீர்களே, மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இந்தப் பழுதை உண்டாக்கும் பொருள்களில் ஒன்று, பாண்டான் இலைக்கும் பாஸ்மதி அரிசிக்கும் வாசம் தருகிற அதே 2-அசிட்டைல்-1-பைரோலின். நாசி லெமாக்கில் இருந்தால் அழகு, பொஜோலேயின் காமே திராட்சை வைனில் இருக்கக் கூடாது.

உறுதிப்படுத்த ஒரு வழி சொல்கிறேன். மிச்ச வைனில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நுரை அடங்கி நிறம் கறுத்து நீலம் பாயும். அப்போது முகர்ந்து பாருங்கள். சோடா புளிப்பை முறித்துவிடுவதால் வாயில் வந்தது இப்போது மூக்குக்கே வரும். சமையல் சோடா இல்லையென்றால் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேய்த்து முகரலாம். வைன்காரர்களே அப்படித்தான் பார்ப்பார்கள்.

இனி ஏன் இப்படி ஆனது. சாதாரண வைனில் கந்தக டையாக்சைடு சேர்ப்பார்கள், கிருமியையும் ஆக்ஸிஜனையும் அடக்கி வைக்க. ஐரோப்பியச் சட்டப்படி இனிப்பில்லாத சிவப்பு வைனில் மொத்தம் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், வெள்ளையில் 200. ஆர்கானிக் என்றால் 100, 150. பிரான்ஸில் 2020ல் அங்கீகாரம் பெற்ற 'வேன் மெத்தோட் நத்யூர்' என்ற முத்திரைக்கு, கையால் பறித்த ஆர்கானிக் பழம், பழத்திலேயே இருக்கும் ஈஸ்ட், வேறு எந்தச் சேர்மானமும் இல்லை. கந்தகம் மட்டும் நொதித்த பிறகு 30 மில்லிகிராம் வரை. இல்லவே இல்லாததற்குத் தனி முத்திரை. உங்கள் போத்தல் இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்ததாகத் தெரிகிறது. வடிகட்டாமல், கந்தகம் இல்லாமல் வந்த வைனில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உயிரோடு தூங்கிக்கொண்டிருக்கும். தூங்க வைப்பது குளிர் ஒன்றுதான். பல போத்தல்களின் பின்பக்க லேபிளிலேயே 14 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சடித்திருப்பார்கள். படித்துப் பாருங்கள்.

என் தாத்தா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் தென்னைமரக் கள் இறக்கியவர். காலையில் இனிப்பாக இறங்குவது மத்தியானத்துக்குள் புளித்துவிடும், மறுநாள் காடி. யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, வெயில்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். நேச்சுரல் வைனும் அந்த ஜாதிதான். கோலாலம்பூரின் 32 டிகிரியில் அலமாரியில் கிடந்தால், பொஜோலே நிலவறையில் அது இருந்த இருப்பு எப்படி இருக்கும்?

அதனால் கடைக்காரர் சொன்னதை ஏற்காதீர்கள். அந்தப் பழத்தைக் குனிந்து குனிந்து பறித்தவர்களை எனக்குத் தெரியும். இந்த வாடையோடு அந்த வைன் அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்குமா என்பதே சந்தேகம். பழுதை எடுத்து "இதுதான் நேச்சுரல்" என்று விற்பது உங்களுக்கும் அநியாயம், அந்த வைன்காரருக்கும் அநியாயம். இரண்டாவது போத்தலைத் திறக்காமல் பிரிட்ஜில் வைத்துவிட்டு, கப்பலில் எப்படி வந்தது, கடையில் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

கிள்ளான்_முருகு:

வேலன் சொன்ன கப்பல் விஷயத்தில் நான் கொஞ்சம் சொல்லலாம். போர்ட் கிள்ளானில் ஃபார்வர்டிங் வேலை, கப்பல் சரக்கைக் கையாள்வது.

சாதாரண கொண்டெய்னர் வெறும் இரும்புப் பெட்டி. கப்பல் மேல்தட்டில் வெயிலில் இருந்தால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். ரீஃபர் என்ற குளிரூட்டும் பெட்டி என்றால் நாம் வைத்த வெப்பநிலையில் வரும், ஆனால் வாடகை அதிகம். நடுவே, சாதாரணப் பெட்டிக்குள் வெப்பம் தடுக்கும் உறை விரித்து அனுப்புவதும் உண்டு. ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. 2023 கடைசியிலிருந்து செங்கடலில் பிரச்சினை வந்து நிறையக் கப்பல்கள் தென்னாப்பிரிக்காவைச் சுற்றி வர ஆரம்பித்தன. அப்படி வந்தால் பயணம் ஒன்றிரண்டு வாரம் கூடும், பூமத்திய ரேகையையும் இரண்டு தடவை தாண்ட வேண்டும்.

ரீஃபர் என்றாலும் இறங்கிய பிறகு யார்டில் பிளக் போட்டிருக்க வேண்டும். சுங்கப் பேப்பரில் ஒரு எழுத்து தப்பினால் பெட்டி நிற்கும். பிறகு லோரி, கிடங்கு. லோரியில் ஏர்கோன் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

உலு_லங்காட்_சிவா:

நல்ல விவரம். நான் கீரை, கத்தரி போடுகிறவன், மருந்து அடிப்பதில்லை, பஞ்சகவ்யம்தான். பயோடைனமிக்கில் மாட்டுக்கொம்பில் சாணி அடைத்து மண்ணில் புதைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மைதானா? நம் பஞ்சகவ்யத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்களா? நிலா பார்த்து நடுவதும் உண்டாமே.

வேலன்_ஜார்ஜ்டவுன்:

சிவா அண்ணே, உண்மைதான். நானே அடைத்திருக்கிறேன்.

பயோடைனமிக் முறை 1924 ஜூனில் தொடங்கியது. கோபர்விட்ஸ் என்ற ஊர், அப்போது ஜெர்மனி, இப்போது போலந்து. மண்ணும் விதையும் பலம் குறைகிறது என்று கவலைப்பட்ட விவசாயிகளுக்கு ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி எட்டுச் சொற்பொழிவு நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அவர் மதுவை ஆதரித்தவரும் அல்ல. திராட்சைக்காரர்கள் இதைப் பெரிதாகக் கையில் எடுத்தது பின்னால்தான். பிரான்ஸில் லுவார் நதிப் பக்கம் சவென்னியேரில் 7 ஹெக்டேர் கூலே த செரான் தோட்டத்துக்காரர் நிக்கோலா ஜோலி 1980களில் இதற்கு மாறி, ஊர் ஊராகப் பேசி, உலகத்துக்குத் தெரிய வைத்தார். டிமீட்டர் முத்திரை இதற்குரியது.

செப்டம்பர் கடைசியில் செய்வார்கள். கறவை மாட்டின் கொம்புதான் வேண்டும், காளைக் கொம்பு ஆகாது. பச்சைச் சாணியைச் சின்னக் கரண்டியால் நுனி வரை திணித்து, காற்றுக் குமிழி நிற்காமல் கல்லில் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். குழியில் வாய்ப்பக்கம் கீழே பார்க்க அடுக்கி மண்ணை மூடுவோம். குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்து, ஈஸ்டரை ஒட்டித் தோண்டுவார்கள். முந்தைய வருடத்துக் கொம்பு மருந்து ஒரு மண்சாடியில் இருந்தது, அதை எடுத்து என் கையில் கொடுத்தார் வைன்காரர். சாணி வாடை சுத்தமாகப் போய்விட்டது. கறுப்பாக, களிபோல் பிசுபிசுப்பாக, மழை பெய்த காட்டு மண்ணின் வாசம். இதற்குப் பெயர் 500. ஹெக்டேருக்கு 100 கிராம்தான். வெதுவெதுப்பான மழைத் தண்ணீர் முப்பது லிட்டரளவில் கரைத்து, ஒரு மணி நேரம் கையால் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுழற்றி நடுவில் ஆழமான சுழி விழுந்ததும், சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்புவது. தண்ணீர் குழம்பித் தடுமாறி மறுபடி சுழியாகும். தோள் கழன்றுவிடும். அந்தி சாயும்போது பெரிய பெரிய சொட்டாக மண்ணில் தெளிப்பார்கள். 501 என்பது பளிங்குக்கல் பொடி, கோடையில் புதைப்பது, ஹெக்டேருக்கு 4 கிராம் அளவில் அதிகாலையில் பனிபோல் இலைமேல்.

பஞ்சகவ்யத்திலிருந்து எடுத்தது இல்லை. உங்களுக்கே தெரியும், பஞ்சகவ்யம் சாணி, கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் ஊறி நொதித்தது. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்று கலந்து அடிக்கிறோம். அதில் பயிருக்குச் சத்தும் உண்டு, நுண்ணுயிரும் உண்டு. 100 கிராமை ஒரு ஹெக்டேருக்குத் தெளித்தால் அது எருவாக முடியாது. அவர்களும் எரு என்று சொல்வதில்லை, மண்ணைத் தூண்டுவது என்பார்கள். நிலா நாள்காட்டி பின்னால் மரியா துன் என்ற அம்மையார் உருவாக்கியது. வேர், இலை, பூ, கனி என்று நாளைப் பிரிப்பார்கள்.

பலன் உண்டா என்று கேட்டால்: சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற ஊரில் 1978லிருந்து பயோடைனமிக், ஆர்கானிக், சாதாரண முறை மூன்றையும் பக்கத்துப் பக்கத்து வயலில் ஒப்பிட்டு வருகிறார்கள். ரசாயன உரம் போட்ட மண்ணைவிட மற்ற இரண்டிலும் மண்ணின் உயிரோட்டம் அதிகம் என்பது அங்கே தெரிந்தது. ஆனால் கொம்பால்தான் வந்தது என்று பிரித்துக் காட்டும் தெளிவான ஆதாரம் இல்லை. நான் நிலாவை நம்புகிறவன் அல்ல. அந்த வைன்காரர் நம்பினார், அவரோடு நான் அதைப் பற்றி வாதாடியதும் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பயோடைனமிக் என்பது தோட்டத்தோடு முடிந்துவிடுகிறது. நேச்சுரல் என்பது நிலவறையில் நடப்பது. பயோடைனமிக் சான்று இருந்தாலும் அளவோடு கந்தகம் சேர்க்கலாம், டிமீட்டர் அனுமதிக்கிறது. இரண்டையும் இணைப்பது பழத்தின் தோலில் இருக்கும் ஈஸ்ட். கடை ஈஸ்ட் போடாமல் வைன் செய்ய வேண்டுமென்றால் தோலில் உள்ளது உயிரோடு வர வேண்டும். அறுவடை நெருங்கும்போது கடும் பூஞ்சை மருந்து அடித்த பழத்தில் நொதிப்பு பாதியில் நின்றுவிடலாம். பாதியில் நின்ற இடத்தில்தான் பாக்டீரியா புகும், பழுது வரும். ஆகவே தோட்டத்துப் பிழை கிளாஸில் வந்து நிற்கும்.

பொஜோலேயில் இதைத் தொடங்கி வைத்த ஜூல் ஷோவே, 1907ல் பிறந்தவர், ஒரு வேதியியலாளர். வைன் வியாபாரியும்கூட. கந்தகம் இல்லாமல் சுத்தமான வைன் வர என்ன வேண்டும் என்று ஆயுள் முழுக்க நுண்ணோக்கியில் பார்த்தவர். அங்கேயே மொர்கோன் பகுதியில் மார்செல் லாப்பியேர் என்ற வைன்காரர் அவரிடம் கற்றார், அவர் வழியாகப் பக்கத்து வைன்காரர்களும் கற்றார்கள். நான் வேலை செய்த வீட்டிலும் அந்தப் படிப்புதான். பறித்த காமே குலைகளை இரவு முழுக்கக் குளிர் அறையில் வைத்த பிறகே தொட்டியில் போடுவார்கள். சூடாகப் போட்டால் பாக்டீரியா ஈஸ்ட்டை முந்திவிடும். முழுக் குலையாக, நசுக்காமல், கரியமில வாயு மூடிய தொட்டியில். பழத்துக்குள்ளேயே நொதிப்பு தொடங்குவதால்தான் அந்த வைனுக்கு அத்தனை பழவாசம். தோட்டத்தில் என் பக்கத்து வரிசையில் வைன்காரரின் மனைவி பறிப்பார். குலையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்புவார், குளவி கடித்த ஒரு பழம் இருந்தாலும் கத்தரிக்கோல் நுனியால் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கூடையில் வைப்பார். காடி வாடை வந்த குலை முழுசாகத் தரையில். நான் ஒன்றைக் கவனிக்காமல் போட்டதற்கு என் கூடையையே கொட்டித் தேடினார். தினம் காலையில் கணவர் தொட்டிக்குத் தொட்டி சர்க்கரை அளந்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். 'ஒன்றும் போடாத வைன்' என்று விற்கிறார்களே, அதற்குப் பின்னால் இத்தனை காவல் இருக்கிறது.

ஆபத்தும் அவர்களுடையது. ரசாயன மருந்து இல்லாததால் அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம்தான் கதி, அதுவும் ஐரோப்பாவில் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க உறைபனி விழுந்து துளிர் கருகியது, கோடையில் மழையும் நோயும். பெரிய நிறுவனம் வேறெங்காவது பழம் வாங்கிச் சமாளிக்கும். ஐந்தாறு ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு அந்த வருட வைன் அவ்வளவுதான். 185 வெள்ளியில் நம் நாட்டு வரி, இறக்குமதியாளர், கடை எல்லாம் போக அவர்கள் கைக்குப் போவது சிறு பங்கு.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மாலா:

நான் மருந்தாளுநர். கந்தகம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் உதவும். அந்தக் கந்தகம், அதாவது சல்பைட், சிலருக்கு மூச்சுத் திணறலைத் தூண்டும், அது உண்மை. ஆனால் "சல்பைட்டால் தலைவலி" என்பதற்கு ஆதாரம் பலவீனம். காய்ந்த ஆப்ரிகாட் பழத்தில் வைனைவிடப் பல மடங்கு சல்பைட் இருக்கும். அதைச் சாப்பிட்டு யாரும் தலைவலி என்று என்னிடம் வந்ததில்லை. "கெமிக்கலே கிடையாது" என்பதும் சரியில்லை. ஈஸ்ட்டே நொதிக்கும்போது கொஞ்சம் கந்தக டையாக்சைடு உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பாவில் லேபிளில் போட்டாக வேண்டும். மருந்து சாப்பிடுகிற பெரியவர்கள் விருந்துக்கு வந்தால் முதலில் டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

செந்தூல்_கவிதா:

எல்லாருக்கும் நன்றி. வேலன் அண்ணே, சமையல் சோடா போட்டுப் பார்த்தேன். நிறம் மை மாதிரி ஆனது, கரண்டியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே அந்த வாடை. வீட்டுக்காரருக்கும் இந்தத் தடவை தெரிந்துவிட்டது.

மிச்ச வைனையும் திறக்காத போத்தலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பின்பக்க லேபிளில் 14 டிகிரி என்று பிரெஞ்சில் போட்டிருந்ததைக் காட்டினேன். கடைக்காரரும் சோடா போட்டு முகர்ந்து பார்த்தார். வைன் திறந்த அலமாரியில் இருந்தது, இரவில் மாலில் ஏர்கோனை நிறுத்திவிடுவார்கள் என்று அவரே சொன்னார். இரண்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்தான், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முருகு அண்ணன் சொன்னபடி கேட்டு, ரீஃபரில் கொண்டுவந்து குளிர் அறையில் வைத்திருக்கும் ஓர் இறக்குமதியாளரைப் பிடித்திருக்கிறேன். என்ன வாங்குவது? சாப்பாடு இதுதான்: ஆட்டிறைச்சி பெரட்டல், மீன் தலைக் கறி, இறால் சம்பால், முருங்கைக்கீரை, ரசம். அண்ணன் மெல்பர்னிலிருந்து நாலைந்து போத்தல் கொண்டு வரட்டுமா என்றும் கேட்கிறார்.

வேலன்_ஜார்ஜ்டவுன்:

பணம் திரும்பி வந்தது சந்தோஷம். அந்தக் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள், கற்றுக்கொள்ளும் கடைக்காரர் கிடைப்பது பெரிய விஷயம்.

பெரட்டலுக்கு மறுபடியும் பொஜோலேதான் வாங்குங்கள், மொர்கோன் அல்லது ஃப்ளூரி. பயந்து விலகிவிடாதீர்கள். மிளகாயும் மிளகும் இருக்கும் இடத்தில் துவர்ப்பான வைன் வாயை இன்னும் எரிய வைக்கும், ஆல்கஹால் ஏறினாலும் அப்படித்தான். ராஜ் அண்ணன் சொன்ன ஷிராஸ் அங்கேதான் சிக்கல். காமேயில் துவர்ப்பு குறைவு, புளிப்பு உண்டு, ஆட்டுக் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகும். சிவப்பு வைன் என்று வெளியே வைத்துவிடாதீர்கள். 'அறை வெப்பநிலை' என்பது அவர்கள் ஊர் அறை. பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரத்தில் ஊற்றிவிடுங்கள். செந்தூல் சூட்டுக்கு அதுவே கூடுதல், மேசையில் பாதி ஐஸ் பாதி தண்ணீர் போட்ட பாத்திரத்தில் நிற்கட்டும்.

மீன் தலைக் கறியில் புளி இருக்கிறது. புளியைவிட வைன் புளிப்பு குறைந்தால் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். லுவார் பக்கத்து ஷெனின் திராட்சை வெள்ளை வைன் கேளுங்கள். அதிலேயே கொஞ்சம் இனிப்புத் தங்கிய வூவ்ரே என்ற வகை கிடைத்தால் இறால் சம்பாலுக்கும் அதுவே சரி, காரத்தை அந்த இனிப்பு தாங்கும். ரசத்தோடு எந்த வைனும் வேண்டாம். ரசத்தை ரசமாகக் குடிக்கட்டும்.

முதல் தடவை விருந்துக்கு வைப்பதால், 30 மில்லிகிராம் அளவில் கந்தகம் சேர்த்ததையே வாங்குங்கள். முழுக்கச் சேர்க்காததைவிட நம் சூட்டைக் கொஞ்சம் பொறுக்கும், ருசியில் நீங்கள் இழப்பது ஒன்றும் இல்லை. கொண்டுவரும்போது கார் பூட்டில் போடாதீர்கள், ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். திறந்ததை அன்று ராத்திரியே முடித்துவிட வேண்டும், சுண்டெலி வாடை சில போத்தலில் காற்றுப் பட்டு மணிக்கணக்கில்தான் கிளம்பும். அதனால் ஒன்றை முன்கூட்டியே திறந்து, பாதி ஊற்றி வைத்து, சாயங்காலம் சோடா பரிசோதனை செய்து பாருங்கள்.

அண்ணன் விஷயம்: வரியில்லாமல் ஆளுக்கு ஒரு லிட்டர்தான். அவரும் அண்ணியும் ஆளுக்கு ஒரு போத்தல் கொண்டு வரலாம், அதற்கு மேல் என்றால் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். மெல்பர்னுக்குப் பக்கத்தில் யாரா பள்ளத்தாக்கிலேயே சிறு வைன்காரர்கள் நல்ல பினோ நுவார் சிவப்பு வைன் செய்கிறார்கள். பெரட்டலுக்கு அதுவும் பொருந்தும். பெட்டிக்குள் துணியைச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், வந்து இறங்கியதும் நேராக பிரிட்ஜுக்கு.